தக்கை அமிழ்ந்த சாயங்காலம்

என் மகன் ஜோயல் மயங்கிக் கிடக்கிறான் என்று அவன் பள்ளியிலிருந்து போன் வந்தபோது, நான் வேறொரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாக்பீஸைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். வலங்கைமானிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போகும்போதுகூட, வெயில் தாங்காமல் விழுந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"போதை மாத்திரைம்மா. நேத்து இன்னிக்குப் பழக்கமில்ல. கஞ்சாவும் இருக்கு."

அவனுக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன். அவன் அப்பா கொரோனாவில் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

வீடு திரும்பிய பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. தெருவில் அவனோடு வளர்ந்த பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டாக்டரம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "மருந்து பாதிதாம்மா. பள்ளிக்கூடம் விட்டதுலேர்ந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவன் எங்க இருக்கான்ங்கறதுதான் மீதிப் பாதி."

அந்த நேரம்தான் எனக்குப் பயம். கூட்டாளிகள் பைக்கில் வந்து ஹாரன் அடிப்பார்கள். இவன் கூண்டில் அடைத்ததுபோல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பான். நான் கதவைப் பூட்டினேன். அவன் தாழ்ப்பாளை உடைத்தான். அடுப்படியில் முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, என் பிள்ளையின் ஆயுசு முழுவதையும் கேட்கவில்லை. இந்தச் சாயங்காலத்தை மட்டும் கடக்க வழி காட்டும்." தினமும் இதே ஜெபம்தான். பெரிதாகக் கேட்க என்னிடம் பலம் இல்லை.

ஆடி மாதம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அவனைக் காணவில்லை. பஸ் ஸ்டாண்ட், டாஸ்மாக் கடைப் பின்புறம், பாழடைந்த அரிசி மில் என்று தேடினேன். ஒவ்வோர் இடத்திலும் அவன் கிடக்கிற காட்சியே கண்ணுக்குள் வந்தது. கடைசியில் வாய்க்கால் மதகின் மேல் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பாமலே பேசினான்.

"அம்மா, அங்க பாரு. விரால் தலைகாட்டுது."

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"ஒரு தூண்டில் வாங்கித் தருவியாம்மா?"

பல மாதங்களாக அவன் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. மறுநாளே கும்பகோணம் போய்த் தூண்டில் கம்பும் நைலான் நரம்பும் முள்ளும் வாங்கி வந்தேன். அவனைத் தனியே அனுப்பப் பயம். அதனால் நானும் கூடவே போய் உட்கார்ந்தேன்.

என் அண்ணன் அதற்குக் கொதித்துப்போனார். எங்கள் தாத்தா பண்ணையில் வேலை செய்தவர். கூலி கேட்டுப் போராடி அடிபட்டவர். வயலிலும் வாய்க்காலிலும் பிடித்த மீன்தான் அவர் குடும்பத்துக்குப் பல நாள் சாப்பாடு. "அந்தச் சேத்துலேர்ந்து நாம வெளிய வர ரெண்டு தலைமுறை ஆச்சு. டீச்சரா இருந்துக்கிட்டு மறுபடியும் வாய்க்கால்ல போய் உக்காந்திருக்கியேம்மா. ஊரு என்ன சொல்லும்?" என்றார். அவர் வலி எனக்குப் புரிந்தது. "ஊரு எங்கிட்ட இப்ப பேசுறதே இல்லண்ணே" என்றேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

முதலில் ஒரு மீனும் மாட்டவில்லை. மண்புழுவைக் கோத்துப் போடுவான், கெண்டைக்குஞ்சு தின்றுவிட்டுப் போகும். ஒருநாள் எரிச்சலில் தூண்டிலையே தண்ணீரில் வீசினான். நான் சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்து கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. நரம்பில் கட்டித் தண்ணீரில் மிதக்கும், மீன் கடித்தால் அமிழும் சிறிய சிவப்புத் தக்கையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

புரட்டாசியில் ஒருநாள் அந்தப் பைக் மதகடிக்கே வந்து நின்றது. மூன்று பேர். "டேய் ஜோயலு, வாடா, சும்மா ஒரு ரவுண்டு." ஜோயலின் கால் ஆட ஆரம்பித்தது. அவன் உதட்டை நக்கினான். எனக்குத் தெரியும், இவன் எழுந்தால் நான் பிடித்து நிறுத்த முடியாது. சுற்றிலும் நடவு முடிந்த வயல், ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளுக்குள் "கர்த்தாவே, இப்போது" என்று மட்டும் கூப்பிட்டேன்.

தக்கை அமிழ்ந்தது.

சும்மா அமிழவில்லை, ஒரே இழுப்பில் காணாமல் போனது. கம்பு வில்லாய் வளைந்தது. ஜோயல் எகிறி எழுந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பின்னாலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"போங்கடா, மீன் மாட்டியிருக்கு!" என்று திரும்பாமலே கத்தினான்.

அவன் விராலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பைக் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. முழங்கை நீள விரால். கரையில் அது துள்ளத் துள்ள, அப்பா இறந்த பிறகு முதன்முறையாக அவன் சிரித்தான். நான் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. தை மாதம் மேட்டூர் அணையை மூடினார்கள். வாய்க்கால் வற்றியது. மாசியில் அவன் மறுபடியும் அந்தக் கூட்டாளிகளோடு போனான். கண் சிவந்து வந்து வாசலிலேயே உட்கார்ந்து, "முடியலம்மா" என்றான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்கள் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆண்டவரிடம் திருப்பிச் சொன்னேன். டாக்டரம்மாவிடம் மறுபடியும் கூட்டிப்போனேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி நாகப்பட்டினம் போய்க் கடலில் தூண்டில் போட்டோம். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவோம். திரும்பும் பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்குவான்.

அடுத்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்த சமயத்தில், அந்தப் பைக் ஓட்டிய பையனின் அம்மா செல்வி எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "டீச்சர், எம்புள்ளையையும் ஒங்ககூட கூட்டிட்டுப் போவீங்களா?" அவன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்ததென்று ஆண்டவருக்குத் தெரியும். அதற்குள் உள்ளேயிருந்து ஜோயல் சொன்னான்: "நாளைக்கு வரச் சொல்லும்மா. எங்கிட்ட இன்னொரு தூண்டில் இருக்கு."

ஒவ்வொருவராகச் சேர்ந்து, இப்போது சனிக்கிழமைகளில் மதகடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் மீளவில்லை. ஒருவனுக்காக இன்னும் அழுகிறோம். ஜோயல் நாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மாத்திரையைத் தொடாமல் இருக்கிறான், கர்த்தருக்கே ஸ்தோத்திரம். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் வந்தால் எனக்குப் பயம் இல்லை.

இதைப் படிக்கிற யாராவது என்னைப்போல அடுப்படியில் தனியாக அழுதுகொண்டிருக்கலாம். வெட்கப்படாதீர்கள். ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கேளுங்கள், அவர் கொடுப்பார். பிறகு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் மதகடிக்கு வாருங்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது.