இரண்டு சுற்றில் நின்ற மரை

கரும்பு வண்டி குடை சாய்ந்த அன்றோடு என் அண்ணனின் வலது தோள் போயிற்று. ஸ்டியரிங் மேல் வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கை உதவியது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. தவளக்குப்பத்துக்கு மேற்கே இருந்த நிலத்தை அவர் பழைய டிராக்டர் ஒன்றை வைத்துச் செய்துவந்தார். அதன் பின்னால் மேடு பள்ளம் நிரவும் இரும்புப் பலகை கட்டியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நெம்புகோலால் தூக்க வேண்டும், அதற்குத் தோள் வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் "பாவம்பா நீ" என்று அண்ணனிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், பிரெஞ்சுக்காரன் காலத்து மண் லாரியிலிருந்து கழற்றிய எண்ணெய் ஜாக்கி ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஹைட்ராலிக் என்றெல்லாம் நாங்கள் சொன்னதில்லை. எண்ணெயை அழுத்தினால் தண்டு நீளும், பலகை எழும், அவ்வளவுதான். டிராக்டரிலேயே எண்ணெய் வரும் வாய் ஒன்று இருந்தது. அதோடு ஜாக்கியை இணைத்துவிட்டால், அண்ணன் இடது கையால் ஒரு சின்னப் பிடியைத் தள்ளினால் போதும்.

என் வீட்டுக்காரர் ஜாக்கியின் குழாயை டிராக்டர் வாயில் வைத்துத் திருகினார். இரண்டு சுற்று போய் நின்றது.

"இறுகிடிச்சி," என்றார்.

சணல் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி, ஸ்பானரால் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். எங்கள் ஊர் வழக்கம் அது. பிரெஞ்சுக்காரன் போட்ட தண்ணீர்க் குழாயும் மதராஸிலிருந்து வரும் புதுக் குழாயும் ஒன்றோடொன்று பொருந்தாது. வீட்டுக்கு வீடு சணல் சுற்றித்தான் ஒப்பேற்றியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நிலத்தில் வைத்துப் பார்த்தோம். பிடியைத் தள்ளியதும் பலகை எழுந்தது. விபத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவர் இறங்கி வந்து குனிந்தார். படாரென்று குழாய் பிடுங்கிக்கொண்டது. எண்ணெய் பீய்ச்சியடித்தது. பலகை அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது.

"இன்னா வேலைங்க இது? இருக்கிற ஒரு கையும் போவணுமா அவருக்கு?" என்று கத்தினேன். வீட்டுக்காரர் குனிந்து பிய்ந்த குழாயைக் கையில் எடுத்தார்.

அண்ணன் முகத்து எண்ணெயைத் துண்டால் துடைத்தார். "உடு மாப்ளே. முடிஞ்ச வரைக்கும் பாத்துட்ட. நாளைக்கி பக்கத்து நெலத்துக்காரருகிட்ட குத்தகைக்கு சரின்னு சொல்லிடறேன்."

அதை அவர் அத்தனை சாதாரணமாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வாரம் பொறுண்ணே," என்றேன். திட்டின வாய் ஆறுவதற்குள் நானே அப்படிச் சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் பிய்ந்த குழாயின் திருகு முனையையும் டிராக்டர் திருகாணி ஒன்றையும் ஜன்னலோரம் வைத்து, பல்லோடு பல் சேர்த்துப் பார்த்தார். முதல் இரண்டு பல் ஒட்டி நின்றன. அதற்குப் பிறகு ஒன்றை விட்டு ஒன்று விலகிக்கொண்டே போயிற்று.

"இது பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரு, அது இங்கிலீஷ்காரன் இஞ்சு. ரெண்டும் வேற வேற மரை. அது இறுகல, மாட்டிக்கினு நின்னுருக்குது," என்றார். பிறகு, "தெரியாத வெசயமா எனக்கு? சணல் சுத்தியே பழகிட்டேன்," என்றார்.

அப்போது ஊரே அப்படித்தான் இருந்தது. இரண்டு அளவு, இரண்டு சட்டம். பொருந்தாத இடத்திலெல்லாம் எதையாவது சுற்றிச் சமாளித்தோம். சமாளித்துப் பழகியதில், பொருந்தவில்லை என்பதே மறந்துபோயிற்று. அவரை இனிமேல் திட்டக் கூடாது என்று அன்று நினைத்தேன், ஆனால் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

ஒரு முழு இரும்புத் துண்டை எடுத்து, எண்ணெய் போக நடுவில் துளையிட்டு, ஒரு முனையில் மில்லிமீட்டர் மரையை மில்லின் கடைசல் மிஷினிலேயே போட்டார். மறுமுனைக்கு இஞ்ச் மரை போட மில்லில் கருவி இல்லாததால் கடலூருக்கு சைக்கிள் மிதித்தார். அடுத்த ஞாயிறு அந்தத் துண்டை நடுவில் வைத்துத் திருகியபோது, இரண்டு பக்கமும் கையாலேயே கடைசி வரை போயிற்று. பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒருத்தரையும் பக்கத்தில் விடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

அண்ணன் ஏறி ஓட்டினார். திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, பிடியைத் தள்ளி, திரும்பி, பலகையை இறக்கினார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார். குத்தகைக்குப் பதில் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் அருகில் வரும் வரை அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வடக்குக் கொல்லையும் மேடாத்தான் கெடக்குது. எப்போ வர்ற?" என்று கேட்டார்.

"புதங்கெழமை வரேன்," என்றார் அண்ணன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் எஞ்சினை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கிட்டே கூப்பிட்டார்.

"என்னெ வேலைக்குக் கூப்புடறாரு மாப்ளே," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.