புகைக்குழாயும் என் அங்கவஸ்திரமும்

துறைமுகத்து மாட்டு வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை பஸ்ஸின் பின்னால் கட்டி, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போவேன். அங்கிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஓட்டுவேன். ஒரு வாரம் பஸ்ஸின் புகைக்குழாய்ச் சூட்டில் டயர் வெந்துபோய், வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன். மறுவாரமும் அதே இடத்தில் கட்டிய கண்டக்டரோடு சண்டை பிடித்தேன்.

தன் கூடையையும் பின்னால் கட்ட வந்த மீன்காரி சிரித்தாள். "இன்னா நைனா, டயரைக் கருவாடு போடப் போறியா?" என்றபடி, மீனை மூடியிருந்த ஈரக் கோணியை உருவி, குழாய்ப் பக்கம் இருந்த டயரில் சுற்றிக் கட்டினாள்.

"அப்போ உன் மீனு?" என்றேன்.

அவள் என் தோளில் கிடந்த சலவை அங்கவஸ்திரத்தை எடுத்து, தெருக்குழாயில் நனைத்து, கூடையை மூடினாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திருவொற்றியூரில் தொட்டுப் பார்த்தேன், டயர் சில்லென்று இருந்தது. அவள் கோணியை எடுத்துக்கொண்டு அங்கவஸ்திரத்தைத் திருப்பித் தந்தாள். அதைத் தோளில் பறக்கவிட்டு, இரண்டு கையையும் விட்டு ஓட்டினேன். எண்ணூர் வரைக்கும் காக்கைகள் கூடவே வந்தன.