தெருவைத் தாண்டிய வயர்

அந்த வயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அப்புறம்.

ரங்கூனில், போட்டாதாங்கில் ஒரு குறுக்குத் தெரு. இந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் நாங்கள். எதிர்ப்பக்கம் மூன்றாவது மாடியில் பெரியப்பா வீடு. பெரியம்மா கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். தெரு அவ்வளவு குறுகல். அப்பாவும் பெரியப்பாவும் படகுத்துறைக் கிடங்கில் மூட்டை தூக்கினார்கள்.

தாத்தா சைக்கா மிதித்தவர். பக்கவாட்டில் ஆளை உட்காரவைத்து மிதிக்கும் சைக்கிள் அது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு வண்டி பெரியப்பா வீட்டுப் படிக்கட்டடியில் கிடந்தது. தாத்தா செத்தபோது அப்பா வெளியூரில், மோல்மேனில் வேலையாக இருந்தார். சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்து பார்த்தால் தாத்தாவும் இல்லை, வண்டியும் இல்லை. பெரியப்பா அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. கிடங்கில் ஒரே மூட்டைக்கு ஆளுக்கொரு முனை பிடித்தாலும் பேச்சில்லை.

"அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சே, கால ஒடிச்சிருவேன்" என்று அப்பா எனக்குச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் அண்ணனுக்கும் அதே சட்டம். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். தெருவில் வேறு பிள்ளைகள் இல்லையா என்றால், இருந்தார்கள். அவர்களோடு விளையாடலாம். சண்டை போட எனக்கு அவன்தான் வேண்டும்.

வண்டியை விற்றது நாங்களா? எங்களை ஏன் பிரித்தார்கள்? யாரும் சொல்லவில்லை.

நான் அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். கீழே ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நின்று வேடிக்கை பார்த்ததில் கொஞ்சம் தெரிந்தது. அந்த நாளில் போன் என்பது பெரிய வீட்டுச் சாமான். எங்கள் தெருவுக்கே ஒரு கடையில்தான் இருந்தது. அண்ணன் பழைய சாமான் விற்கும் இடத்தில் அலைந்து உடைந்த போன் இரண்டு பிடித்து வந்தான். எங்களுக்கு வேண்டியது காதில் வைக்கும் ரிசீவர் மட்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இரட்டை வயர், என் பக்கம் டார்ச் பேட்டரி. ஒரு கம்பியில் கரண்டு போகும், இன்னொன்றில் திரும்பி வரும். பேசினால் கேட்கும். இதற்குப் படிப்பு வேண்டாம்.

முழு வயர் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கி நானே ஒட்டினேன். பல்லால் உரித்ததில் ஈறு கிழிந்தது.

எங்கள் ஊரில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் கயிற்றைத் தெருவுக்குக் குறுக்கே கட்டினோம். மணி அடித்தால் ரிசீவரை எடுக்க வேண்டும். தெரு முழுக்கக் கரண்டு வயர் பின்னிக் கிடந்ததால் எங்களுடையதை யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் பார்த்துவிட்டாள்.

"உங்கப்பன் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அண்ணன்தான் முதலில் பேசினான்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல. நீ?"

"ஒண்ணுமில்ல."

அதையே திரும்பத் திரும்பப் பேசினோம். நன்றாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மணி அடித்தது. எடுத்தேன். பெரியப்பா.

"யாரு, பாப்பாவா? உங்கப்பன் இந்த இருமு இருமுறானே, மருந்து குடிச்சானா?"

அப்பா பின்னால் நின்றிருந்தார். ரிசீவரைப் பிடுங்கினார். உதை விழும் என்று ஒதுங்கினேன். விழவில்லை.

"என் இருமலப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணே. அப்பன் வண்டிய இரும்புக்குப் போட்டவரு நீங்க."

"யார்ரா உனக்கு அண்ணன்? மழையில மக்கிப்போச்சுடா அது. எலி குட்டி போட்டிருந்துச்சு." பெரியப்பா சொன்னது ரிசீவர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"எலிகிட்டயாவது கேட்டீங்களா? என்னைய கேக்கல."

மறுநாள் மணி அடித்ததும் ஓடினேன். அப்பா முந்திக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வேலை விட்டு வருவார், குளிப்பார், டீ குடிப்பார், சண்டைக்கு உட்கார்ந்துவிடுவார். இவர் இந்த வராந்தாவில், அவர் அந்த வராந்தாவில். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ரிசீவரோடு, தொண்டை கிழியக் கத்துவார்கள். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் அப்பா 'நீங்க'வை மட்டும் விடமாட்டார்.

கீழே மொஹிங்கா என்ற மீன்சாறு நூடுல்ஸ் கடை போட்டிருந்த டோ மியா, என் அம்மாவிடம் பர்மிய மொழியில் கேட்டாள்: "இந்தச் சத்தத்துக்குப் போன் எதுக்கு? எனக்குக் கொடுங்க, நான் என் மகளோட பேசிக்கிறேன்."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயர் என்னுடையது. ஈறு கிழிந்தது எனக்கு. நானும் அண்ணனும் வராந்தாவில் நின்று ஊமைகள் மாதிரிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தோம். பேட்டரி தீர்ந்ததும் அப்பா கேட்காமலே புதிது வாங்கி வந்தார். நான் அழுதாலும் ஒரு பிஸ்கட் வாங்கித் தராதவர், சண்டை போட பேட்டரி வாங்கினார்.

பிறகு ஒருநாள் பெரியப்பா கேட்டுவிட்டார்.

"அப்பன் மூச்சு நிக்கிறப்ப நீ எங்கடா இருந்தே?"

தெருவே கேட்டது. அப்பா ரிசீவரைக் கீழே வைத்தார். உள்ளே போனார், மீன் நறுக்கும் கத்தியோடு வந்தார், வயரை வெட்டினார். அது தெருவில் விழுந்து டீக்கடைப் படுதாவில் தொங்கியது.

"அது என்னோடது!" என்று கத்தினேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா, பெரியப்பா, செத்துப்போன தாத்தா என்று எல்லோரையும் மனசுக்குள் திட்டினேன். சோறு வேண்டாம் என்று படுத்தேன்.

காலையில் வராந்தாவுக்குப் போனால் வயர் மேலே இருந்தது. வெட்டிய இடத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். என்ன ஒட்டு அது! கம்பியைச் சரியாக முறுக்கவில்லை. மேலே டேப் இல்லை, புண்ணுக்குப் போடும் பிளாஸ்டர். ஒரு மழைக்குத் தாங்காது. அதற்குள் மணி அடித்தது. அப்பா டீ டம்ளரோடு வந்து எடுத்தார்.

"இன்னும் போய்ச் சேரலியாண்ணே?"

ரிசீவர் கரகரவென்றது. என் ஒட்டில் அப்படி வரவே வராது.

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "யாருப்பா என் வயர்ல கை வச்சது?"

"காக்கா வச்சிருக்கும்."

"காக்கா பிளாஸ்டர் ஒட்டுமா?"

"ரங்கூன் காக்கா எல்லாம் செய்யும். போ, போயி தண்ணி புடி."

அண்ணன்தான் என்று முடிவு கட்டினேன். கையைக் காட்டிக் கேட்டேன். அவன் 'நீதானே' என்று என்னையே திருப்பிக் காட்டினான். நம்பவில்லை. பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிட்டு ஒழுங்காக ஒட்டினேன். அந்த மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. போன் மொத்தமாக அப்பா, பெரியப்பா இரண்டு பேரிடம் போனது.

தெருவில் விழுந்த வயரை மூன்றாவது மாடிக்கு ஏற்ற, அந்தப் பக்கம் ஒருவர் எறிய வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். நானும் அண்ணனும் அப்படித்தான் கட்டியிருந்தோம். ஆனாலும் அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஒட்டத் தெரியாதவன் எதற்கு ஒட்டினான் என்றுதான் கோபம்.