ஒற்றை ஓட்டுக்கு நன்றி சொல்லப் போனவர்

சந்திரம்மாளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக ஸ்ரீரங்கத்தில் ஒரு பேச்சு. மாநகராட்சித் தேர்தலில் டெபாசிட்டைப் பறிகொடுத்தவர், மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டாராம். ஜெயித்தவரே இன்னும் வாய் திறக்கவில்லை. அவருக்கு மாலையைக் கழற்றவே நேரம் போதவில்லை. தோற்றவர் எதற்கு நன்றி சொல்கிறார்? பெரிய கட்சி கொடுத்த கவருக்குத்தான் என்று காப்பிக்கடையில் தீர்ப்பும் ஆகிவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில் கவர் பொய். மைக் நிஜம்.

சந்திரம்மாள் அரியமங்கலத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போன பெண்களுக்காக முதலாளியிடம் மல்லுக்கட்டி, ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தவர். சோஷலிஸ்ட் வேட்பாளராக நின்றபோது சின்னமும் ஸ்டூலையே கேட்டு வாங்கினார். பிரச்சாரமெல்லாம் ஒரே பேச்சுதான்: மாநகராட்சிப் பள்ளியை மூடாதே. பிள்ளைகள் குறைவு என்று சொல்லி, அதை மெயின் ரோட்டுக்கு அப்பால் உள்ள இன்னொரு பள்ளியோடு சேர்க்கப் பார்த்தார்கள். சந்திரம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தது அங்கேதான். அவர் தெருப் பெண்கள் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை நம்பி விட்டுச் செல்வதும் அங்கேதான்.

அந்தத் தெரு அவருக்கு ஓட்டுப் போட்டது. கோயில் வீதி வாக்குச்சாவடியில் விழுந்ததோ, ஒன்றே ஒன்று.

“நம்ம தெருக்காரங்க உரிமையில போட்டாங்க. இந்த ஒருத்தங்க எதுக்குப் போட்டாங்க? அவங்க பிள்ளை அங்க படிக்கலையே! வீடு தேடிப் போய்ச் சொல்லணும்” என்றார், ஆட்டோ ஓட்டும் தம்பி பிச்சமுத்துவிடம்.

“யாருன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?”

“எல்லா வீட்டுலயும் சொல்லிட்டா, அவங்களுக்கும் போய்ச் சேர்ந்துடும்ல?”

முதல் வீட்டு சேஷு, பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், அவரை ஓரமாக அழைத்தார். “இரைஞ்சு சொல்லாதீங்கோம்மா. அந்த ஒண்ணு அடியேன்தான்.”

“நன்னாருக்கே!” என்று உள்ளிருந்து வந்தார் மனைவி கமலவல்லி. “நீங்க யாருக்குப் போட்டேள்னு எனக்குத் தெரியாதாக்கும்? போட்டது நான்.”

எதிர்வீட்டு ஹ்ருஷிகேஷ் லேப்டாப்பும் கையுமாக ஓடிவந்தான். “ஆன்ட்டி, அது நான்!”

வீதி முடிவதற்குள் அந்த ஓட்டுக்கு ஒன்பது பேர் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள்.

“இன்னும் ரெண்டு வீதி போனா ஜெயிச்சுடுவோம் போலிருக்கேக்கா!” என்றார் பிச்சமுத்து.

சந்திரம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் நெகிழ்ந்து நன்றி சொல்லிவிட்டு, “திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்காக மனு குடுக்கப் போறோம். நீங்க நம்ம ஆளு, வராம இருப்பீங்களா?” என்று கேட்டார். சொந்தம் கொண்டாடிய வாயால் எப்படி மாட்டேன் என்பது?

கடைசி வீட்டு மைத்ரேயி மட்டும் வேறு மாதிரி. அவர் தனியார் பள்ளி ஆசிரியை. கதவைப் பாதி திறந்து, “நான் உங்களுக்குப் போடலை” என்றார். மூடப் போனவர் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க ஒர்க்‌ஷாப்ல எல்லாருக்கும் ஸ்டூல் வந்துடுத்தாமே, நிஜமா? எங்க ஸ்கூல்ல கிளாஸ்ல டீச்சர் உக்காரப்படாது. கேமராவுல பாத்துண்டே இருப்பா.”

கதவு சாத்தப்பட்டது. மொத்த வீதியிலும் இல்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். போட்டவர் இவரேதான் என்று சந்திரம்மாள் அந்த வாசலிலேயே முடிவுகட்டிவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். வழக்கமாக ஒர்க்‌ஷாப் பெண்களை வராந்தாவில் நிற்கவைக்கும் மாநகராட்சி அதிகாரி, சேஷு இங்கிலீஷில் பொரிந்து தள்ளியதும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். சேஷு அதில் சந்திரம்மாளை உட்கார வைத்தார். இந்த வருஷம் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எழுத்தில் வந்தது. ஓட்டுப் போடாத எட்டுப் பேருக்கும் சந்திரம்மாள் மனசார நன்றிக்கடன் பட்டவர். ஒன்பது பேருமே போடாதவர்களாக இருந்தாலும் சரிதான்.

மறுபடியும் நன்றி சொல்ல மைக்கோடு வந்தார். மைத்ரேயி வீடு நெருங்கியதும் அதை அணைக்கச் சொல்லி, மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“இங்க மட்டும் ஏங்க்கா சத்தத்தையே காணோம்?”

“வாயால சொன்னா பத்தாதுடா” என்றார் சந்திரம்மாள். “இவங்களுக்கு ஒரு ஸ்டூல் பாக்கி இருக்கு.”