இருபத்துநாலாம் லைட்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக லைட் போர்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எங்கள் மேடை ஆசாரி மஞ்சு மூன்று முறை சொல்லிவிட்டார். "ஸ்டெல்லாம்மா, நீங்க பேசினா யாருக்கும் கேக்காது, எழுதிடுங்க" என்பது அவர் சொன்ன காரணம்.

நாடகத் துறை அரங்கில் பதினாறு வருடமாக லைட் ஆபரேட்டர் நான். ஷாலினி அங்கே நாடகத் தயாரிப்போடு இத்திஷ் என்ற யூத மொழியும் சேர்த்துப் படித்த பெண். வீடு எலெக்ட்ரானிக் சிட்டியில்.

"உங்க ஏரியாவுல இத்திஷ் பேசறவங்க எத்தனை பேரும்மா?" என்று மஞ்சு கேட்பார்.

"நான் ஒருத்தி இருக்கேண்ணா. இன்னொருத்தர் வந்ததும் சங்கம் ஆரம்பிச்சிடுவோம்."

கடைசிப் பரீட்சைக்கு இத்திஷ் மொழியில் அரைமணி நேர நாடகம் எழுதியிருந்தாள். மார்க் அதற்கல்ல. ஹெட்செட்டில் ஒவ்வொரு லைட் மாற்றத்தையும் எண் சொல்லிச் சரியான நொடியில் கூப்பிட வேண்டும், அதற்குத்தான் மார்க். "ஸ்டாண்ட்பை", அதாவது தயாராக இரு, என்றதும் ஆபரேட்டர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி "ரெடி" என வேண்டும். கூப்பிட்டதைத்தான் அழுத்த வேண்டும். சொந்த யோசனை கூடாது.

ஒத்திகையில் எண் இல்லாமல் "லைட்" என்று மட்டும்தான் கூப்பிட்டாள். பரீட்சை நாள் காலையில் நாடகப் பிரதியை என்னிடம் கொடுத்தாள். லைட் மாறும் இடங்களில் காகிதக் கொடிகள் ஒட்டியிருந்தன.

"அக்கா, இதுக்கு வரிசையா நம்பர் போட்டுத் தரீங்களா? உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பிரதியைத் திறந்து, ஒன்று முதல் இருபத்துநாலு வரை சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். இத்திஷை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், புத்தகமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் திறக்கும். ஒரு மாதமாக அவள் அப்படிப் புரட்டுவது என் கண்ணெதிரே நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மேடையை.

மாலையில் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஹெட்செட்டில் ஷாலினி, திரை இழுக்க மஞ்சு, நான், மார்க் போட வந்த மேடம்.

"லைட் இருபத்துநாலு, ஸ்டாண்ட்பை" என்றாள் ஷாலினி.

போர்டில் இருபத்துநாலு என்றால் நாடகம் முடிந்து மொத்தமும் இருட்டு. அழுத்தினால் நாடகம் இருட்டில் தொடங்கும். ஒன்றாம் எண்ணை அழுத்தினால் அவள் தப்பாகக் கூப்பிட்டதாக மேடம் எழுதுவார். பதினாறு வருடத்தில் அந்த ஹெட்செட்டில் எண்ணையும் "ரெடி"யையும் தவிர நான் எதுவும் பேசியதில்லை.

"ஷாலினி, நிறுத்தும்மா. நம்பர் எல்லாம் தப்பு. நான்தான் கடைசிப் பக்கத்துலேர்ந்து போட்டுட்டேன்."

"யாரம்மா லைன்ல? புது ஆளா?" என்றார் மஞ்சு.

ஷாலினி சிரிப்பை அடக்குவது கேட்டது. "பரவால்லக்கா. நானே எண்ணிக்கறேன். லைட் ஒண்ணு, ஸ்டாண்ட்பை."

"லைட் ஒண்ணு, ரெடி."

திரை திறந்தது. பன்னிரண்டு வரை நன்றாகப் போனது. அடுத்து அவள் "லைட்…" என்று இழுத்தாள். எண்ணிக்கை தவறிப்போயிருந்தது. "ஸ்டாண்ட்பை" என்று மட்டும் சொன்னாள்.

"லைட் பதிமூணு, ரெடி" என்றேன், தேவைக்கு அதிகமான சத்தத்தில். அதற்குப் பிறகு அவள் தடுமாறவில்லை.

முடிந்ததும் மேடம் என்னிடம் வந்தார். "நம்பரைத் தலைகீழா போட்டது ஸ்டூடண்ட் இல்லன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க மேடம். என் பேரையும் போடுங்க."

"பேசுவீங்களா நீங்க?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

பிள்ளைகளே, அடுத்தவர் பிரதியில் பேனா வைக்கும் முன் அது எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளுங்கள். தப்பு உங்களுடையது என்றால் திரை திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் ரிசல்ட் வந்தது, ஷாலினி பாஸ். பரீட்சை முடிந்துவிட்டாலும் நான் அந்தப் பிரதியின் இருபத்துநாலு கொடிகளையும் பிய்த்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து புதிதாக எழுதி ஒட்டினேன்.