தோட்டத்தில் சொல்லாத பெயர்

அப்பாவின் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஜொகூர் பாருவில் டாக்டர் சொன்ன வாரம், நான் வீட்டுக் கூடத்தில் என் படப்பிடிப்புச் சாமான்களைப் பரப்பி, எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்பவர்களுக்கு இது கல்மனமாகத் தெரியலாம். காரணம் இருந்தது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. பத்து வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனவர். கையெழுத்தைக்கூடப் படம் வரைவதுபோல்தான் வரைவார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேசவும் முடியாது, எழுதிக் காட்டவும் முடியாது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னார். இப்போது இருக்கிற குரலில் அவசியமான சொற்களைப் பதிந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் படங்களை வைத்து, படத்தைத் தொட்டால் அவர் குரலே பேசும்படி செய்யலாம் என்றார். மலாயில் ஒரு பட்டியலும் தந்தார். அதை அன்றைக்கே தமிழில் எழுதி, எங்கள் வீட்டுக்கு வேண்டியதையும் சேர்த்தேன். தண்ணி, பசிக்குது, வலிக்குது, வேணாம், இங்க வா, ஃபேனைப் போடு, கோழிக்குத் தீனி போட்டாச்சா. கடைசியில் பெயர்கள்: அம்மா பெயர், என் பெயர்.

இதற்குக் கைப்பேசியே போதும். ஆனால் எனக்கு அது போதவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்தவள் நான்தான், பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். பண்டார் தெங்காராவில் இருந்துகொண்டு பொந்தியான், சிகாமட் வரை கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா என்று தனி ஆளாக வீடியோ எடுக்கிறேன். மண்டபத்தில் யாராவது "கேமராமேன் எங்கம்மா?" என்று கேட்டால், "நான்தான் அங்கிள்" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. ஊர் முழுக்க எல்லாருடைய அப்பாவையும் எடுத்தாயிற்று. என் அப்பா பேசுவது மட்டும் என்னிடம் இல்லை. அவர் அனுப்பிய குரல் செய்திகளும் "எங்க இருக்க?", "சாப்டியா?" என்பதோடு முடிந்துவிடும்.

அதனால் அவர் முப்பது வருஷம் எண்ணெய்க் குலை வெட்டிய செம்பனைத் தோட்டத்திலேயே அவரை உட்கார வைத்து, முகமும் குரலுமாக எடுப்பது என்று முடிவு செய்தேன். மோட்டாரில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே தோள்பைதான். அதில் அடங்காதது எதுவும் வராது.

"கல்யாண வீட்டுக்கு ஒரு லோரி சாமான் ஏத்துற. பெத்த அப்பனுக்கு ஒரு பையா?" அப்பா நாற்காலியில் இருந்து கேட்டார். குரல் அப்போதே சல்லடையில் சரளை உருட்டுவதுபோல் கரகரத்தது.

"நீங்க என்ன மாப்பிள்ளையா, நாலு பக்கம் இருந்து எடுக்க?"

"ஏன், மாப்பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்றார்.

அடுப்படியில் இருந்து அம்மா, "ஆமா லா, பல்லு மட்டும்தான் கொறச்சல்" என்றார்.

கேமரா ஒன்று. லென்ஸ் ஒன்றே ஒன்று, கண்ணால் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்தது. பெரிய டிரைபாட் வேண்டாம், சின்னது போதும். விளக்கு வேண்டாம், வெயில் இருக்கிறது. மைக்கில்தான் வெகுநேரம் யோசித்தேன். என்னிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று, சட்டையில் மாட்டினால் சத்தத்தைக் கேமராவுக்கு அனுப்பும். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எடுக்கலாம். ஆனால் அதற்கு அனுப்புவது, வாங்குவது, ஹெட்போன், மூன்றுக்கும் சார்ஜர் என்று பை நிறைந்துவிடும். இன்னொன்று தீப்பெட்டி அளவு ரெக்கார்டர். சட்டைப்பையில் போட்டுவிட்டால் தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும். சத்தம் கூடினாலும் குறைந்தாலும் கெடாது. ஒரே குறை, அது என்ன கேட்கிறது என்பது வீட்டுக்கு வந்து திறக்கும்வரை நமக்குத் தெரியாது.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஹெட்போன் அலமாரியில் இருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் சேர வேண்டும், அன்றைக்கே அறுவை. வெட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டால் தோட்டம் அமைதியாகிவிடும் என்பதால் பன்னிரண்டரைக்குப் போகலாம் என்றேன்.

"உச்சி வேளையிலா?" என்றார் அப்பா.

"அப்பத்தான்பா வெளிச்சம் மேல இருந்து நேரா எறங்கும். ஓலைக்குக் கீழ நல்லா இருக்கும்."

படித்த பெண் சொல்கிறாள் என்று விட்டிருப்பார்.

செம்மண் சாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். செம்பனைத் தோட்டத்துக்குள் பகல் என்பது வேறு மாதிரி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அகலத்தில் மரங்களின் நிரை போகும். ஒவ்வொரு நிரையின் கடைசியிலும் ஒரே அளவு இருட்டு இருக்கும். வெட்டிய ஓலைகளை அடுக்கிய மேட்டில் அப்பாவை உட்கார வைத்தேன். ரெக்கார்டரை அவர் சட்டைப்பையில் போட்டு, மைக்கைப் பொத்தானருகே குத்தினேன். கேமராவைச் சின்ன டிரைபாடில் ஓடவிட்டு, அவர் அருகிலேயே இருந்து சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். "கோழிக்குத் தீனி போட்டாச்சா"வை அதட்டலாக ஒருமுறை, கொஞ்சலாக ஒருமுறை சொன்னார். "எது வேணுமோ வச்சிக்க" என்றார். இருவரும் சிரித்தோம்.

பெயர்களுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தோட்டத்துக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். நிரைக்குள் "ஓய்" என்பார்கள், "வாங்க" என்பார்கள். பெயரைச் சொன்னால் கேட்கக் கூடாதது கேட்டுக்கொள்ளும், பிறகு அந்தப் பெயரை வைத்தே கூப்பிடும் என்பார்கள். தூரத்திலிருந்து யாராவது கூப்பிட்டாலும் மூன்றாவது தரத்துக்குத்தான் பதில் சொல்வார்கள். மனிதர் அல்லாதது மூன்று தரம் கூப்பிடாதாம். இதெல்லாம் தெரிந்தும், காகிதத்தில் எழுதும்போது பெயர் எனக்கு இன்னொரு சொல்லாகத்தான் தெரிந்தது.

"இங்க வேணாம், பாப்பா. வீட்டுல சொல்றேன்," என்றார். வீட்டில் எப்போதும் முழுப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறவர், தோட்டத்துக்குள் என்னைப் பாப்பா என்பார்.

சரி என்று கேமராவை ஆறு மரம் தள்ளி வைத்து, தூரத்திலிருந்து ஒரு காட்சி எடுக்கப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. பை கனக்கிறது என்று மாற்று பேட்டரியை மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். போய் எடுக்க வேண்டும். இருக்கைப் பூட்டு எப்போதும்போல் மக்கர் செய்தது. அப்பா என்னைத் தேடி எழுந்து வந்துவிடப் போகிறாரே என்று, சாலையில் இருந்தே சத்தமாகக் கூவினேன். "ப்பா, அங்கேயே இருங்க!" ஒரே ஒரு தரம். பதில் வரவில்லை. வராது என்று தெரியும்.

திரும்பிப் போனபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் இருந்த நிரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார்.

"அந்தப் பக்கத்துலருந்தா வர?" என்றார்.

"மோட்டர்கிட்ட போனேன்பா."

"எவ்ளோ கேள்வி கேக்குற நீ. தொண்ட போச்சு. போலாம்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். தூரக் காட்சியை எடுக்காமலே கிளம்பினோம். வீட்டுக்கு வருவதற்குள் அவர் குரல் வெறும் காற்றாகிவிட்டது. பெயர்களைச் சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்கு வெந்நீர் கொடுத்தார். நாளைக் காலையில் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் ரெக்கார்டரைத் திறந்தேன். சொற்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. அதன்பின் என் செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பூச்சிகளின் இரைச்சல். மெல்லியதாக என் குரல்: அங்கேயே இருங்க. அப்புறம் வெகுநேரம் எதுவும் இல்லை.

பிறகு அப்பா பேசினார்.

"ம்... மூணு தரம் கூப்ட்டாச்சு. சொல்லு."

என் கூவல் ஒன்றைத் தவிர அதில் வேறு கூப்பாடு எதுவும் இல்லை. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

"ஆமா, நாளைக்குத்தான்," என்றார் அப்பா. ஒரு இடைவெளி. "பயம் இல்லன்னு சொன்னா பொய்." இடைவெளி. ஒரு கேள்வி கேட்டு முடிக்கும் அளவு நீளமான இடைவெளி. "இல்ல, ஒண்ணுதான். பொண்ணு. படிச்ச பொண்ணு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் நேரில் கேட்டதே இல்லை. மறுபடி இடைவெளி. பூச்சிகள்கூட அடங்கியிருந்தன.

அப்புறம் என் பெயர். முழுப் பெயர். கரகரப்பே இல்லாமல், நான் பள்ளிப் பேருந்துக்கு ஓடும்போது பின்னால் இருந்து கூப்பிடுவாரே, அந்தக் குரலில்.

அதன்பின் என் செருப்புச் சத்தம் நெருங்கியது.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. கிடைத்துவிட்டது என்ற நிம்மதிதான். அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தனியாகச் சேமித்த பிறகுதான், அவர் யாருக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது உறைத்தது. அப்பாவின் அறைக்குப் போய், "தோட்டத்துல யார்கிட்டப்பா பேசிட்டு இருந்தீங்க?" என்றேன்.

வெறும் காற்றில் சொன்னார்: "உங்கிட்டத்தான். பின்னால நின்னுட்டு, பேட்டி எடுக்குற மாதிரி நீதான கேட்ட."

நான் அங்கே இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் அவர் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள். "ஆமால்ல, மறந்துட்டேன்," என்றேன். காலையிலும் குரல் திரும்பவில்லை. பெயர் சொல்லாமலேயே உள்ளே போனார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையும் கட்டுமாக வீடு வந்தார். கைப்பேசியில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். குவளைப் படத்தைத் தொட்டார். "தண்ணி" என்றது அவர் குரல். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கோழிப் படத்தை மட்டும் ஒரே நாளில் இருபது தரம் தொட்டிருப்பார். கடைசியில் அம்மா, "அலமாக், போட்டாச்சு லா! வாயில்லாமயும் அதே தொல்லையா?" என்று கத்தினார். அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாமல் சிரித்தார்.

என் படத்தை மறுநாள்தான் தொட்டார். என் பெயர் வந்தது. முகம் சுருங்கியது. இன்னொரு தரம் தொட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். கைப்பேசியை மெத்தையில் கவிழ்த்து வைத்தார். அதைச் சுட்டினார், தன் கழுத்தைச் சுட்டினார், இல்லை என்று தலையாட்டினார்.

"நீங்கதான்பா. தோட்டத்துல சொன்னீங்க," என்றேன்.

முன்னிலும் பலமாகத் தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு சொல்லலங்கறாரு," என்றார் மெதுவாக. "தோட்டத்துக்குள்ள எம்பேரையே சொன்னதில்ல. உம்பேரச் சொல்லுவாரா?"

அன்று கணினியில் அந்த இடத்தை இத்தனை நாள் தொழிலில் பழகிய காதோடு கேட்டேன். அப்பாவின் மற்ற எல்லாச் சொற்களிலும் மூச்சு இழுக்கும் சத்தம் முன்னால் வரும், சட்டை உரசும். என் பெயருக்கு முன்னால் மூச்சு இல்லை, உரசல் இல்லை. மைக் அவர் நெஞ்சில் குத்தியிருந்தது. என் பெயர் அதைவிட அருகில் இருந்து வந்திருந்தது.

என் படத்துக்குக் கீழே "இங்க வா" என்பதை மாற்றி வைத்தேன். இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அதைத்தான் தொடுகிறார். அந்தக் கரகரத்த குரலுக்கு, குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வருகிறேன். அது அவருடையது.

மற்றதை நான் அழிக்கவில்லை. அழிக்க இரண்டு தரம் உட்கார்ந்தேன். அப்பாவின் குரலில் என் பெயர் உலகத்தில் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது அவர் குரலே இல்லை என்று அவரே சொன்ன பிறகும், எனக்கு அது அவர் குரல் மாதிரியேதான் கேட்கிறது.