வெல்டர் வெளியே நின்றால் கோல்

வெல்டருக்கு ராசியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கும் கணக்கு வாத்தியார். பச்சைச்சட்டை அணி கோப்பை வாங்குகிற வரைக்கும் துவைக்க மாட்டேன் என்று ஒரே பனியனை மாட்டிக்கொண்டு திரிந்த மனுஷன். படிச்ச படிப்பெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ!

ஆட்டம் பார்க்கக் கூட்டம் சேருவது வெல்டரின் மனைவியின் அண்ணன் நடத்தும் சோபாக் கடையில். அங்கேதான் பெரிய டிவி. சோபாக்களின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை மச்சான் எடுக்கவே விடமாட்டார். தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோலில் பாதி அதோடு போய்விடும். மருந்துக்கடைக்காரரும் வருவார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது, நடுவரைத் திட்டுவதில் மட்டும் முதல் ஆள். இந்த மேதைகளுக்கு நடுவில், மீசை முளைக்கும் முன்பிருந்தே பச்சைச்சட்டையைப் பின்தொடர்கிறவன் வெல்டர் ஒருவன்தான். தன் கல்யாணத்தன்றே வாழ்த்த வந்தவர்களிடம் ஸ்கோர் விசாரித்தவன். எந்த ஆட்டக்காரனுக்கு எந்தக் கால் வாகு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இருந்தும் வீட்டில் தனியாகப் பார்க்கப் பிடிக்காது. கோல் விழும்போது கட்டிப்பிடிக்க ஆள் வேண்டாமா?

அரையிறுதியன்று ஒரு வீட்டு கேட்டைப் பொருத்திவிட்டு, கண் சிவக்க ஓடி வந்தான். கடைக்குள் காலை வைத்தான், எதிரணி மூன்றாவது கோலைப் போட்டது. பச்சைச்சட்டை ஒன்றுகூடப் போடவில்லை.

"பாத்தீங்களா! இவரு உள்ள வந்தாரு, கோல் விழுந்துச்சு!" என்று வாத்தியார் குதித்தார்.

"ஏன் சார், முதல் ரெண்டு கோல் விழும்போது நான் கேட்ல தொங்கிட்டிருந்தேன். அது யார் ராசி?"

மச்சான் அவன் தோளில் கைபோட்டார். "மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. சும்மா ஒரு இதுக்குத்தான்."

மச்சான் பேச்சைத் தட்ட முடியாமல் வெளியே போனான். போனவன் வீட்டுக்காவது போயிருக்கலாம். இதோ கூப்பிடுவார்கள், அதோ கூப்பிடுவார்கள் என்று நடைபாதையில் நின்றான். உள்ளே கூரை பிய்ந்துவிடும் போல ஒரு கத்தல். கோல்! ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். உள்ளிருந்து மருந்துக்கடைக்காரர் காலால் முட்டுக் கொடுத்தார். "வெல்டரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அங்கயே நில்லுங்க!"

பச்சைச்சட்டை இரண்டாவது கோலையும் போட்டது. பொறுக்க மாட்டாமல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி எட்டிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. உள்ளே எல்லோரும் அலறினார்கள். வெல்டர் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரும் திருப்பச் சொல்லவில்லை. அவனுக்கே ஒரு கணம், ஒருவேளை இருக்குமோ என்று தோன்றிவிட்டது. மூன்றாவது கோலையும் நான்காவது கோலையும் சாலையைப் பார்த்தபடியே காதால் வாங்கிக்கொண்டான். பச்சைச்சட்டையின் சரித்திரத்திலேயே அப்படி ஒரு மீட்சி கிடையாது என்று பிறகு ஊரே பேசியது. அவன் பார்த்ததெல்லாம் பேருந்துகளின் முதுகைத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணனுக்கு மூளை முழங்கால்லன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். உங்களுக்கு எங்க போச்சு?"

அவனுக்கு அந்த மூன்று பேர் மேல் வந்த இளக்காரத்தைவிட, முகத்தைத் திருப்பிக்கொண்ட தன்மேல் வந்ததுதான் அதிகம். த்தூ, நானும் ஒரு ஆளா என்றிருந்தது. இறுதி ஆட்டத்தை என்ன ஆனாலும் கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தான். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.

இறுதி ஆட்டத்தன்று மாலை எல்லோருக்கும் முன்னால் போய் நடு சோபாவில் உட்கார்ந்துகொண்டான். வந்தவர்கள் முகமெல்லாம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஆட்டம் தொடங்கியது. பச்சைச்சட்டை ஒரு கோல் வாங்கியது. இரண்டாவதையும் வாங்கியது. மூன்று பேரும் டிவியை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"மாப்ளே, எந்திரிங்க."

"மாட்டேன் மச்சான். தோத்தாலும் நான் பாத்துத்தான் தோக்கணும்."

"உங்க ஒருத்தருக்காக ஊரே அழணுமா?" என்றார் வாத்தியார்.

மச்சானால் தங்கச்சி புருஷனைக் கையைப் பிடித்து இழுக்க முடியாது. யோசித்தார். யோசித்து என்ன செய்தார் தெரியுமா? ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்! அணைத்து, ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவரு பாக்கக் கூடாது, அவ்வளவுதானே? யாருமே பாக்க வேணாம்."

அட முட்டாப் பயல்களா என்று வாய் வரைக்கும் வந்தது வெல்டருக்கு. வாத்தியாராவது எதிர்ப்பார் என்று திரும்பிப் பார்த்தால், அந்த ஆள் "கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கறுத்துப்போன டிவிக்கு முன்னால் மூன்று பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவிலிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. பச்சைச்சட்டை கோல்! "அணைச்சேன், விழுந்துச்சு பாரு!" என்று மச்சான் எழுந்து ஆடினார். மருந்துக்கடைக்காரர் வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அந்தப் பனியனையும் சேர்த்து. இவர்களையா கட்டிப்பிடிக்க இத்தனை வருஷம் வந்தோம் என்று வெல்டருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்தான், செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினான்.

வீட்டில் சின்ன டிவி ஓடிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் வாங்க, ரெண்டுக்கு ரெண்டு," என்றாள் மனைவி. அவன் மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்தான். முகத்தைத் திருப்பவில்லை. பச்சைச்சட்டையின் இடதுகால்காரன் ஓரமாகப் பந்தை ஓட்டிவந்து, ஒருவனை ஏமாற்றி, இன்னொருவனை ஏமாற்றி, மூலையில் அடித்தான். வலை குலுங்கியதை வெல்டர் பார்த்தான். மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஐயோ, விடுங்க, இடுப்பு!" என்று அவள் சிரித்தபடி கத்தினாள். நடுவர் விசில் ஊதி முடித்தபோது அவன் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

போன் அடித்தது. மச்சான்தான்.

"மாப்ளே! கப்பு நமக்குத்தான்! தெருவுல பட்டாசு வெடிக்கிறாங்க! நீங்க கிளம்பிப் போனதும் ரெண்டு கோல், பாத்தீங்களா உங்க ராசிய?"

"பாத்தேன் மச்சான். கடைசி கோல என் ரெண்டு கண்ணால பாத்தேன். வீட்டு டிவியில, கண்ணை எடுக்காம."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்டான் வெல்டர்.